பத்தாவது படம்

முதலில் காணாமல் போனது கத்தரிக்கோல். அது சின்னவளுடையது என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரெடிமேட் கடைக்குச் சட்டைக் காஜா எடுத்துக் கொடுக்கிறவள் கத்தரிக்கோலைத் தொலைத்தால் அது அவள் பாடு. அடுத்து, செத்துப்போன அம்மாவின் மூக்குக்கண்ணாடி போயிற்று. அதற்கும் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு டார்ச் லைட். நாலாவதாக, அண்ணன் கைக்குழந்தையாக இருந்தபோது பால் புகட்டிய வெள்ளிக் கிண்ணம் போனதும்தான் குடும்பம் முழித்துக்கொண்டது. வெள்ளி என்றால் எல்லோருக்கும் கண் நன்றாகத் தெரியும்.

அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர், அப்பாவும் சின்னவளும். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. சின்னவளுக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் அமையவில்லை, அமையவில்லை என்று சொல்வதைக்கூட எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். அண்ணனும் அண்ணியும் ரயிலில் மூன்று மணி நேரத் தூரத்தில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தார்கள். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார்கள், சாப்பிடுவார்கள், அப்பாவின் மாத்திரை டப்பாவை ஆட்டிப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஒரு பொருள் காணோம் என்றால், யார் கை என்று ஊருக்குச் சொல்ல அதிக நேரம் பிடிக்காது.

அண்ணன் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தான். தீப்பிடித்த கடைகளையும் நொறுங்கிய வண்டிகளையும் போய்ப் பார்த்து, அது தானாக எரிந்ததா அல்லது எரித்ததா என்று எழுதிக் கொடுக்கிற வேலை. இருபது வருஷம் அதையே செய்தவனுக்கு யார் என்ன சொன்னாலும் ஒரு புருவம் தூக்கிக்கொள்ளும். பல் வலி என்று சொன்னால்கூட வாயைத் திறந்து காட்டச் சொல்வான்.

அப்பாவும் அந்த விஷயத்தில் மகனுக்கு இளைத்தவர் இல்லை. முப்பத்தொரு வருஷம் ஒரு ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். முதலாளியே வந்து நின்றாலும் சீட்டு இல்லாமல் ஒரு போல்ட் வெளியே போகாது. எல்லோரும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகத்தான் ஆலைக்கு வருகிறார்கள் என்பது அவர் கொள்கை. இப்போது எண்பதை நெருங்கும்போது அந்தப் பழக்கம் அதிகமாகியிருந்தது. டீ ஆற்ற டம்ளர் எடுத்தால் "சீட்டு எங்க?" என்பார். சின்னவளும் விளையாட்டுக்குக் கிழிந்த காலண்டர் தாளில் 'டம்ளர் ஒன்று' என்று எழுதிக் கொடுப்பாள். அவர் அதைப் படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தலையாட்டிய பிறகுதான் டீ. ஒருநாள் தலையணை உறைக்குள் அவித்த முட்டை ஒன்று இருந்தது. "என்னப்பா, அடை காக்கிறீங்களா?" என்று கேட்டாள். அவரும் சிரித்தார், அவளும் சிரித்தாள், அதோடு விட்டுவிட்டாள்.

ஏனென்றால் அவளுக்குச் சந்தேகம் வேறு இடத்தில் இருந்தது. அண்ணியின் கைப்பை மேல். அது கைப்பை இல்லை, ஒரு சின்ன மூட்டை. வரும்போது தொங்கிக்கொண்டு வரும், போகும்போது புடைத்துக்கொண்டு போகும். கிண்ணம் போன அன்று அண்ணி அந்தப் பையைக் கழிப்பறைக்குக்கூடக் கையோடு கொண்டுபோனாள். அன்றிலிருந்து அண்ணி வந்தாலே சின்னவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போன மாதம் ஒன்று காதில் விழுந்தது. பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், குழாயை மூடியதும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அண்ணியின் குரல்.

"உங்க தங்கச்சி எடுத்தா எடுத்துட்டுப் போகட்டுங்க. அலமாரியப் பூட்டிச் சாவிய நாம வெச்சுக்கலாம். மாமாவப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்ல. ஆனா மாமாதான் எங்கயாவது வெச்சுட்டு மறந்துடறார்னா அது வேற. இன்னைக்குக் கிண்ணம், நாளைக்கு கேஸைத் திறந்து விட்டுட்டு உக்காந்திருப்பாரு."

"அப்பாவுக்கு அப்படின்னு தெரிஞ்சா ஒரு நாள் தாமதிக்க மாட்டேன்," என்றான் அண்ணன். "நேரா ஹோம்தான். ஃபாரம் பையிலயே இருக்கு. என் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

ஹோம் எப்படியிருக்கும் என்று சின்னவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பெரியவரைப் போன வருஷம் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். கட்டிலோடு கட்டில் ஒட்டிப் போட்டு இருபத்திரண்டு பேர். நடந்து போனவர், ஐந்து வாரத்தில் வண்டியில் படுத்தபடி திரும்பி வந்தார். ஈரப் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டே யோசித்தாள். தான் திருடி என்றால் அப்பா வீட்டில் இருப்பார். அப்பாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்றால் அப்பா போய்விடுவார். இரண்டும் இல்லை, எடுப்பது அண்ணிதான் என்று காட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்தது. அதற்கு வழிதான் தெரியவில்லை.

வழியை அண்ணனே கொண்டுவந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே காற்றும் தூறலுமாக இருந்தது. வாசல் கதவு ஈரத்தில் உப்பி, தள்ளினால்தான் திறந்தது. அண்ணன், அண்ணி, அவர்களுக்குப் பின்னால் குடையை மடக்கிக்கொண்டு ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும், ஜலதோஷத்தில் மூக்கு சிவந்திருந்தது, தோளில் முக்காலி ஸ்டாண்ட், கையில் ஒரு பெட்டி. அண்ணனின் கம்பெனிக்குச் சேதப் படங்கள் எடுக்கிறவள். வருஷம் பூராவும் எரிந்த கடைகளையும் முங்கிய கிடங்குகளையும் படம் எடுத்துப் பழகியவள். ஒரு சேதமும் இல்லாத வீட்டுக்குள் வந்து, எதை எடுப்பது என்று புரியாமல் நின்றாள்.

வீட்டில் உள்ள சாமான் முழுவதையும் அறை அறையாகப் படம் எடுத்து வைக்கப்போவதாக அண்ணன் சொன்னான். அடுத்த மாதம் வந்து படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பானாம்.

"சாதாரண போட்டோன்னா ரோலைக் கொண்டு போயி நாலு நாள் கழிச்சுக் கொண்டு வருவாங்க. நடுவுல யார் என்ன பண்ணாங்கன்னு யாருக்குத் தெரியும்? இது அப்படியில்ல, நம்ம கண் முன்னாடியே வரும். பின்பக்கத்துல எல்லாரும் கையெழுத்துப் போட்டுடலாம். அப்புறம் ஒருத்தரும் பேச்சு மாத்த முடியாது." சொல்லிவிட்டுத் தங்கையின் முகத்தைப் பார்த்தான், முகம் எப்படி மாறுகிறதென்று.

"தாராளமா எடு அண்ணா," என்றாள் சின்னவள். அண்ணியின் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

போட்டோக்காரம்மா கேமராவை வெளியே எடுத்து ஸ்டாண்டில் பூட்டினாள். நல்ல கனமான, பெட்டி மாதிரியான மீடியம் பார்மட் கேமரா. மேலே இருக்கும் கண்ணாடியில் குனிந்துதான் பார்க்க வேண்டும். அதில் எல்லாமே மங்கலாக, இடது வலதாக மாறித் தெரியும். வழக்கமாக அதில் அகலமான ரோல் பிலிம் போடுவாளாம். இன்று பின்பக்கத்தைக் கழற்றிவிட்டுத் தட்டையாக வேறொன்றை மாட்டியிருந்தாள். அதற்குள் பத்துத் தாள்கள், பத்துப் படம். ஒரு பெட்டிதான் கிடைத்தது, வீணாக்க முடியாது, அதனால் எதை எடுப்பது என்று முதலிலேயே முடிவு பண்ணிக்கொள்ளச் சொன்னாள். அண்ணனும் அண்ணியும் அரை மணி நேரம் முடிவு பண்ணினார்கள்.

படம் எடுக்கிற முறையைப் பார்க்கச் சின்னவளுக்குப் பிடித்திருந்தது. அதுவும் கை வேலைதான். முதலில் விசையை இழுத்து வைக்க வேண்டும். அழுத்தினால் சின்னதாக ஒரு சத்தம். பிறகு பெட்டியின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் வெள்ளைக் காகித வாலை இழுக்க வேண்டும். அதை இழுத்தால் உள்ளேயிருந்து மஞ்சள் வால் ஒன்று வெளியே வரும். அதைப் பிடித்து ஒரே சீராக, நடுவில் நிறுத்தாமல் உருவினால், இரண்டு தாள் ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு அட்டை வரும். அதற்குள் மருந்து பரவிக்கொண்டிருக்கும். வெயில் காலமானால் ஒன்றரை நிமிஷம், இந்தக் குளிருக்கு மூன்று நிமிஷம், அதுவும் சூட்டில் வைத்திருந்தால்தான். போட்டோக்காரம்மாவுக்கு ஜலதோஷத்தில் கை ஐஸாக இருந்தது. அதனால் அட்டையைச் சின்னவளிடம் கொடுத்து, சால்வைக்குள் அக்குளில் இடுக்கிக்கொள்ளச் சொன்னாள். நேரம் ஆனதும் வாங்கி, ஒரு மூலையிலிருந்து தோல் உரிக்கிற மாதிரி பிரிப்பாள். ஒரு பக்கம் படம், இன்னொரு பக்கம் கறுப்பாகப் பிசுபிசுப்பு. பிசுபிசுப்பை மடித்துக் குப்பைப் பையில் போட்டுவிடுவாள்.

"காயற வரைக்கும் முகத்துல கை வெச்சுடாதீங்க," என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள். "ஈரமா இருக்கறப்ப தொட்டா மேல் தோலே வழிஞ்சு வந்துடும். அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

முதல் படம் பிரிந்தபோது நாலு தலையும் முட்டிக்கொண்டன. பெரிய அறை பீரோவும் கட்டிலும் உள்ளங்கை அகலத்துக்குப் பளிச்சென்று இருந்தன. பீரோ கைப்பிடியில் சுற்றிய நூல்கூடத் தெரிந்தது. அண்ணன் மின்விசிறிக்குக் கீழே படத்தைக் காட்டிக் காயவைத்து, பின்னால் தேதி எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினான். அப்பா தன் பங்குக்கு 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கோடு போட்டுக் கையெழுத்திட்டார். ஆலையில் இருந்த அதே கையெழுத்து, ஒரு சுழி குறையவில்லை. "பாத்தியா, அப்பாவோட கை இன்னும் நடுங்கல," என்றான் அண்ணன். சின்னவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஐந்தாவது படத்துக்குள் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. அண்ணி டீ கேட்டாள். சின்னவள் அக்குளில் அட்டையை இடுக்கியபடியே ஒற்றைக் கையால் டீ போட்டாள், உருளைக்கிழங்கு வேகவைத்தாள், நடுவில் போய்ப் பிரிக்கக் கொடுத்தாள். திங்கட்கிழமை காலை கொடுக்க வேண்டிய அறுபது சட்டை அவள் அறையில் கட்டோடு கிடந்தது. அதை நினைத்தால் கை துறுதுறுத்தது. ஒன்பது படம் முடியும்போது மணி ஒன்றாகிவிட்டது.

பத்தாவது, முன்னறை. சுவரில் பதித்த மர அலமாரி, படத்துக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்; அதன் இரண்டாவது தட்டில் அம்மா கல்யாணத்துக்கு வந்த பித்தளை டைம்பீஸ். அது ஓடி எட்டு வருஷம் ஆகிறது, ஆனாலும் அந்த வீட்டில் பார்க்க லட்சணமாக இருந்தது அது ஒன்றுதான். அலமாரிக்குப் பக்கத்தில் அப்பாவின் நாற்காலி. நாற்காலியை ஒட்டி ஒரு முக்காலி மேல் மர ரேடியோ. அதுவும் பாடாது. உள்ளே இருந்ததையெல்லாம் ஒரு மெக்கானிக் என்றோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். அப்பா அதன் மேல் கை வைத்தபடிதான் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்.

"அப்பாவும் படத்துல இருக்கட்டும். ஒரு சாட்சி மாதிரி," என்றான் அண்ணன். அப்பா சால்வையை நன்றாகப் போர்த்திக்கொண்டு இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். போட்டோக்காரம்மா குனிந்து பார்த்தாள், விசையை அழுத்தினாள்.

அதே நேரத்தில் பின்கட்டில் இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். காற்றுக்குக் குளியலறைத் தகரக் கூரை பெயர்ந்து தண்ணீர் டிரம் மேல் விழுந்திருந்தது. எல்லோரும் ஓடினார்கள். போட்டோக்காரம்மாவும்தான், அவள் பை பின்கட்டு நடையில் இருந்தது. தகரம் அடுத்த காற்றுக்குப் பறந்துவிடும் போல ஆடியது. அண்ணன் அதைக் காலால் மிதித்துக்கொண்டு கயிறு கேட்டான். கயிறு முன்னறையில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. சின்னவள் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அப்பா கண்ணை மூடியபடி இருந்ததைப் பார்த்தாள். அலமாரியைப் பார்க்கவில்லை. யார் பார்ப்பார்கள்?

தகரத்தைக் கட்டி முடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. எல்லோரும் நனைந்து உள்ளே வந்தார்கள். அண்ணி மட்டும் பையோடு அலமாரிப் பக்கமாக நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். சின்னவள் அந்தப் பையையே பார்த்தாள்.

"இதை எடுத்தாச்சா, இல்லையா?" என்று அண்ணன் கேட்டான்.

போட்டோக்காரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேமராவின் ஓரத்தைப் பார்த்தாள். வெள்ளை வால் இழுக்காமல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் எடுக்கவில்லை என்று அவளாகவே முடிவு பண்ணிக்கொண்டாள். அண்ணியை நகரச் சொல்லிவிட்டு, மங்கலான கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து, விசையை இழுத்து அழுத்தினாள். வெள்ளை வாலை இழுத்தாள், மஞ்சள் வாலை உருவினாள், அட்டையைச் சின்னவளிடம் கொடுத்தாள். பத்தும் முடிந்துவிட்டது என்று சொல்லி ஸ்டாண்டை மடக்கப் போனாள்.

அப்போதுதான் அண்ணி அலமாரியைப் பார்த்தாள். "என்னங்க, டைம்பீஸ் எங்க?"

தட்டில் டைம்பீஸ் இருந்த இடத்தில் தூசி இல்லாத ஒரு வட்டம் மட்டும் இருந்தது. அண்ணன் கிட்டே போய் அந்த வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தான், எரிந்த கடையில் சாம்பலைத் தொடுகிற மாதிரி.

பிறகு விசாரணை ஆரம்பமாயிற்று. அவன் சத்தம் போடவில்லை. அவன் வேலையில் சத்தம் போட மாட்டார்கள். சத்தம் கேட்டதும் யார் யார் எந்த வழியாக ஓடினார்கள், யார் கடைசியாக வந்தார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டான். அப்பாவைக் கேட்கவில்லை. அண்ணன் வந்தால் அப்பாவைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டும். அவன் போன பிறகு அவர் தானே எழுந்து கழிப்பறைக்குப் போய் வருவார். மகனிடம் கொஞ்சம் செல்லம் கொண்டாடுகிறார் என்று நினைத்துச் சின்னவள் இத்தனை நாள் அதைச் சொன்னதில்லை. கடைசியில் அவன் கயிற்று விஷயத்துக்கு வந்தான்.

"நடுவுல இந்த ரூமுக்கு வந்தது நீ மட்டும்தான்."

"கயிறு நீ கேட்டதாலதான் வந்தேன்."

"நான் கேட்டேன். இல்லன்னு சொல்லல."

"திரும்பி வந்தப்புறம் அலமாரி பக்கத்துல நின்னது யாருன்னு கேளு," என்றாள் சின்னவள். அண்ணி பையை மார்போடு அணைத்துக்கொண்டு, இந்த வீட்டுப் படியை இனிமேல் மிதிக்கப்போவதில்லை என்று ஆரம்பித்தாள்.

அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினான். "சண்டையே வேண்டாம். திரும்பி வந்ததும் எடுத்த படம் அவ கையிலதான் இருக்கு. படத்துல டைம்பீஸ் இருந்தா, போனது அப்புறம். இல்லைன்னா, கூரை விழுந்தப்பவே போயிருக்கு. அது போதும் எனக்கு." பிறகு மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டு சின்னவளின் அறைக்குள் போனான். படம் வருவதற்குள் சட்டை மூட்டையைப் பார்த்துவிடலாமாம்.

சின்னவள் அட்டையை இடுக்கிக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றாள். உள்ளே சட்டைக் கட்டுகளை அவிழ்த்து உதறுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு சட்டையாக மடித்து, காலர் கசங்காமல் அடுக்கி வைத்திருந்தாள். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். படத்தில் டைம்பீஸ் இருக்கும். தட்டில் பளபளவென்று உட்கார்ந்திருக்கும். அதற்கப்புறம் அண்ணியின் பையை நடு அறையில் கொட்டச் சொல்லலாம். அந்தக் காட்சியை மனதுக்குள் இரண்டு தடவை பார்த்தும்விட்டாள்.

"ஆச்சு," என்றாள் போட்டோக்காரம்மா. அண்ணனைக் கூப்பிட்டாள். "பிரிங்க, வர்றேன்," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

மூலையிலிருந்து உரித்தாள். படம் வழக்கத்தைவிட வெளுத்திருந்தது. போட்டோக்காரம்மா அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ, ரெண்டு தடவ விழுந்திருக்கு," என்றாள் மெதுவாக. "சத்தம் கேக்கறதுக்கு முன்னாடியே ஒண்ணு எடுத்துட்டேன் போல. வால இழுக்காம ஓடிட்டேன். திரும்பி வந்து அதே தாள்ல இன்னொண்ணு."

ஸ்டாண்ட் நகராததால் அலமாரியும் ரேடியோவும் சுவரும் ஒரே படம் போலத் துல்லியமாக இருந்தன. மாறாத எதுவும் மாறவில்லை. டைம்பீஸ் மட்டும் பாதிதான் இருந்தது. அதன் வழியாகப் பின்னால் சுவரின் விரிசல் தெரிந்தது. அப்பாவுக்கு நாலு கை. இரண்டு கை முழங்கால் மேல் சாதுவாக இருந்தன. இன்னும் இரண்டு கை சால்வைக்கு மேலாக எதையோ வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தன, உருண்டையாக ஒரு புடைப்பு. முகமும் இரண்டு. ஒன்று கண்ணை மூடியிருந்தது. மற்றொன்று நன்றாகத் திறந்து, யாராவது பார்க்கிறார்களா என்று கேமராவையே பார்த்தது.

சின்னவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் நாற்காலியில் அப்படியேதான் இருந்தார், சால்வையை இறுக்கிக்கொண்டு. முட்டையும் சீட்டும் எல்லாம் ஒரே நொடியில் அவளுக்கு வேறு மாதிரி புரிந்தன. இத்தனை நாளாக இந்தக் கண் அண்ணியின் பையைத்தான் காவல் காத்திருக்கிறது. தன்னைத் திருடி இல்லை என்று சொல்ல உலகத்தில் இருப்பது இந்த ஒரு தாள்தான். அண்ணன் இதைப் பார்த்தால் அவனுக்கு விளக்கம் தேவைப்படாது. ஒரு பார்வை, பிறகு சால்வையை விலக்குவான், பிறகு பையிலிருந்து ஃபாரத்தை எடுப்பான்.

உள்ளே சட்டை உதறுகிற சத்தம் நின்றது. அண்ணனின் செருப்புச் சத்தம் நடையில் வந்தது.

"ஒரு நிமிஷம் கொடுங்க," என்று படத்தை வாங்கினாள். இருபது வருஷம் ஊசியின் பின்புறத்தைத் தள்ளித் தள்ளிக் காய்த்துப்போன கட்டைவிரலை ஈரத்தின் மேல் வைத்து, அலமாரித் தட்டிலிருந்து அப்பாவின் மடி வரைக்கும் அழுத்தி இழுத்தாள். வழுவழுவென்று வந்தது. இன்னும் ஒரு தடவை இழுத்தாள், முகம் இருந்த இடத்தில்.

"வந்துச்சா?" அண்ணன் கதவடியில் நின்றான்.

"கை பட்டுடுச்சு," என்றாள்.

அவன் படத்தை வாங்கிப் பார்த்தான். அலமாரியின் மேல்தட்டு இருந்தது, ரேடியோ இருந்தது, நடுவில் காப்பி நிறத்தில் ஒரு குழப்பம். அவள் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். அதில் அதே நிறம். போட்டோக்காரம்மாவைப் பார்த்தான். "நீங்க பாத்தீங்களா? டைம்பீஸ் இருந்துச்சா?"

போட்டோக்காரம்மா சின்னவளைப் பார்த்தாள், நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள், பிறகு மூக்கைச் சிந்தினாள். "என் தப்பு சார். படம் சரியா விழல. வெளுத்துப் போச்சு."

"இன்னொண்ணு எடுங்க."

"தாள் முடிஞ்சுடுச்சு."

அண்ணன் படத்தை இன்னொரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இத்தனை நேரம் அவனுக்குக் கொஞ்சம் சந்தேகம் மிச்சமிருந்தது, அது இப்போது தீர்ந்துவிட்டது என்பது அவன் முகத்தில் தெரிந்தது. கடையைக் கொளுத்தியவன் கடைசியில் ரசீதுகளையும் கொளுத்துவான், நூறு இடத்தில் பார்த்திருக்கிறான். "ஒன்பது படத்துல படாத கை பத்தாவதுல பட்டுடுச்சு," என்றான். "சரிம்மா. பட்டுடுச்சு."

அண்ணி எதுவும் பேசவில்லை. ஜெயித்தவர்களுக்குப் பேச என்ன இருக்கிறது. அலமாரிக்கும் பீரோவுக்கும் பூட்டுப் போட்டு, சாவிகளைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். முறை முறைதான் என்று அண்ணன் அந்த வீணாய்ப்போன படத்தின் பின்னாலும் தேதி போட்டு எல்லோரையும் கையெழுத்திடச் சொன்னான். சின்னவள் போட்டாள். அப்பாவிடம் நீட்டியபோது அவர் சால்வைக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் வெளியே எடுத்தார். படத்தைத் திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, 'சரக்கு சேதம்' என்று எழுதினார்.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்றார் மகனிடம். "அந்தப் பொண்ணு கிட்ட ஸ்டோர் சாவியக் கொடுக்காதேன்னு."

அண்ணன் தலையாட்டினான்.

போகும்போது போட்டோக்காரம்மா குப்பைப் பையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனும் அண்ணியும் வாசலுக்குப் போகும்வரை காத்திருந்து, மேலாக இருந்த ஒரு மடிப்பைக் காட்டினாள். "இந்தக் கறுப்புப் பக்கத்தக் கழுவினா இதுலேருந்து அதே படத்தத் திரும்ப எடுத்துடலாம். உனக்கு வேணுமாம்மா, தூக்கிப் போட்டுடட்டுமா?"

சின்னவள் அந்த மடிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆசையாகத்தான் இருந்தது.

"போட்டுடுங்க," என்றாள்.

எல்லோரும் போன பிறகு அவள் அறையில் கொட்டிக் கிடந்த சட்டைகளைப் பொறுக்கி அடுக்கினாள். அறுபதில் ஒன்று குறைந்தாலும் கடைக்காரர் இவளைத்தான் கேட்பார். அறுபதும் இருந்தது. தூறல் நின்று வெளியே சாயங்கால வெளிச்சம் கொஞ்சம் வந்திருந்தது. வெந்த உருளைக்கிழங்கை மசித்து அப்பாவுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

"போயிட்டாங்களா?" என்று கேட்டார்.

"போயிட்டாங்க."

"இங்க வா." வாசலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு சால்வையை விலக்கினார். டைம்பீஸ் அவர் வயிற்றுச் சூட்டில் இதமாக இருந்தது. "இதை உள்ள வைக்கணும். வெளிய வெச்சா போயிடும். இந்த வீட்ல ஒருத்தி இருக்கா பாத்தியா, சட்டை தைக்கிறவ. அவ கை சரியில்ல. நீ நம்ம ஆளு, அதனால சொல்றேன்."

அவள் முகத்தைத்தான் பார்த்துச் சொன்னார். அவள் உருளைக்கிழங்குக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவர் யார் துணையும் இல்லாமல் எழுந்து, ரேடியோவைத் திருப்பி, பின் அட்டையை இரண்டு விரலால் நெம்பினார். உள்ளே அம்மாவின் கண்ணாடி, டார்ச் லைட், வெள்ளிக் கிண்ணம், காய்ந்த முட்டை இரண்டு, ஒரு கட்டுச் சீட்டு. எல்லாவற்றுக்கும் கீழே அவளுடைய கத்தரிக்கோல். டைம்பீஸை அவள் கையில் கொடுத்து, வாங்கியதற்குச் சீட்டு எழுதச் சொன்னார். அவள் காலண்டர் தாளைக் கிழித்து, 'டைம்பீஸ் ஒன்று, பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த நேரம் அண்ணன் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தால் அவளைக் கையும் களவுமாகப் பிடித்திருப்பான்.

டைம்பீஸை உள்ளே வைத்த பிறகு இன்னொரு சீட்டு எழுதி நீட்டினாள். அவர் அதைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் படித்தார்.

"கத்தரிக்கோல் ஒன்று. யாருக்கு?"

"சட்டை தைக்கிறவளுக்கு," என்றாள் சின்னவள். "நூலை ஆறு மாசமா பல்லாலயே கடிச்சுக்கிட்டு இருக்கா."

அப்பா யோசித்தார். யோசித்துவிட்டு ரேடியோவின் பின் அட்டையை மூடினார், சீட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அவளுக்கு மட்டும் கொடுக்கக் கூடாது," என்றார்.